ராட்சத ஜெங்கா: கட்டை சிக்கினால், கோபுரம் சரிந்தால், வார்னிஷ் ஒட்டினால் என்ன செய்வது

ஜெங்கா என்பது, கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, அது விழாதபடி ஒருவர் பின் ஒருவராகக் கட்டையொன்றை உருவி உச்சியில் வைக்கும் விளையாட்டு. பிறந்தநாள் விருந்துக்கென்று பெரிய மரக்கட்டைகளால் ஜெங்கா செய்பவர்களுக்கு, கட்டைகளை அறுத்து, தேய்த்து, எண்ணி முடித்த பின்னர்தான் உண்மையான சிக்கல்கள் தெரியவருகின்றன. முதற் கோபுரத்தை அடுக்கும்போது ஒரு வரிசை வெளியே துருத்தி நிற்கும். அல்லது 54 கட்டைகளில் ஒன்றுகூட அசையாது. அல்லது மே மாதத்தில் நன்றாக இருந்த தொகுதி யூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில், கடற்காற்று நேரே வீசும் பல்கனியில் வைத்து இரண்டு தொகுதிகள் செய்தவன் என்ற வகையில், எந்த அறிகுறி எந்தப் பிழையால் வருகிறது, அதை எவ்வாறு திருத்தலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கீழே வரும் கணக்கெல்லாம் இவற்றையே பற்றியது. 1983இல் இலண்டனில் நடந்த விளையாட்டுப் பொருட் கண்காட்சியில் லெஸ்லி ஸ்கொட் அறிமுகப்படுத்திய மூல விளையாட்டில், அடுக்குக்கு மூன்று வீதம் 18 அடுக்குகள் உள்ளன. ‘கட்டு’ என்று பொருள்படும் சுவாகிலிச் சொல்லே அதன் பெயர். பெரிதாகச் செய்யும்போதும் எண்ணிக்கை மாறுவதில்லை. மரக்காலையில் மூன்றுக்கு ஒன்றரை அங்குலச் சலாகை வாங்கிச் சீவினால், ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் அகலமும் 32 மில்லிமீட்டர் தடிப்பும் எஞ்சும். நீளம் அகலத்தின் மும்மடங்கு, அதாவது 210 மில்லிமீட்டர். எட்டடிச் சலாகை ஒன்றில், வாள் தின்னும் 3 மில்லிமீட்டரையும் சேர்த்துப் பதினொரு கட்டைகள் வரும். ஐந்து சலாகைகளில் 55 கட்டைகள் கிடைக்குமென்று கணக்கு சொன்னாலும், முடிச்சும் வெடிப்பும் உள்ள துண்டுகளைக் கழிக்க வேண்டியிருப்பதால் ஆறாக வாங்குவதே நல்லது. கோபுரத்தின் உயரம் 58 சென்ரிமீட்டர்; மொத்த நிறை, மரத்தைப் பொறுத்து, 15 கிலோ அளவில் இருக்கும்.

வரிசைகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

மூன்று கட்டைகளை அருகருகே நெருக்கி வைத்து, நான்காவதை அவற்றின் குறுக்கே மேலே வையுங்கள். அந்த நான்காவதன் இரு முனைகளும் கீழே உள்ளவற்றின் ஓரங்களுடன் பொருந்த வேண்டும். முனைகள் வெளியே நீண்டால் அகலம் குறைந்துள்ளது என்றும், உள்ளே தங்கினால் அகலம் கூடியுள்ளது என்றும் பொருள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்; மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் கோபுரம் கட்டைகளைக் கொட்டி அடுக்கியதுபோலத் தோன்றும்.

அறுக்கும்போது அளவு தவறியிருக்கலாம் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். கொழும்பில் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. மரக்காலையில் வாங்கும் மரம் முழுமையாக உலர்ந்திருப்பதில்லை. வாங்கியவுடன் அறுத்தால், அறுக்கும் நாளில் கணக்குச் சரியாக இருந்து, சில வாரங்களில் பிழைத்துப் போகும். மரம் உலரும்போது அகலத்திலும் தடிப்பிலும் சுருங்குமே தவிர, நார் ஓடும் திசையில், அதாவது நீளத்தில், சுருங்குவது புறக்கணிக்கத்தக்க அளவே. ஈரம் நூற்றுக்கு 22இலிருந்து 14க்கு இறங்கினால், 70 மில்லிமீட்டர் அகலமான பலகை, ஆண்டு வளையங்கள் ஓடும் திசையைப் பொறுத்து, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறுகக்கூடும். மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பார்த்தால் இழப்பு நான்கு மில்லிமீட்டரை எட்டும். நீளமோ 210இலேயே நிற்கும். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் உங்கள் கைபடாமலேயே குலைந்துவிடும்.

ஆகவே சலாகைகளை வாங்கி வந்ததும் அறுக்க வேண்டாம். மழை படாத, காற்றோட்டமான இடத்தில், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே விரலளவு தடிப்பான மரத்துண்டுகளை வைத்து, குறைந்தது மூன்று நான்கு வாரங்கள் கிடத்தி வையுங்கள். உலர்ந்துவிட்டதா என்பதை அறிய ஈரமானி தேவையில்லை. ஒரு சிறு துண்டைச் சமையலறைத் தராசில் மூன்று நாட்களுக்கு ஒரு முறை நிறுத்து எழுதி வந்தால், நிறை இறங்குவது நிற்கும் நாளே அறுக்கத் தகுந்த நாள். வெப்பநிலை 28 பாகையிலும் ஈரப்பதன் 80 வீதத்திலும் நிற்கும் கொழும்புக் காற்றில், மரம் ஏறத்தாழ 16 வீத ஈரத்தில் நிலைகொள்ளும். அதற்குக் கீழே போக வேண்டுமென்று வெயிலில் காயப்போட்டால் முனைகள் வெடிக்கும்.

ஏற்கெனவே அறுத்துவிட்டவர்களுக்கு வழி எளிது. மூன்று கட்டைகளின் உண்மையான மொத்த அகலத்தை இப்போது அளந்து, அந்த அளவுக்கு எல்லாவற்றின் நீளத்தையும் ஒரே முனையில் குறைத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் டேப் பிடிக்காமல், அறுக்கும் மேடையில் ஒரு மரத்துண்டைத் தடையாக ஆணியடித்து, கட்டையின் ஒரு முனையை அதில் முட்டவைத்து அறுத்தால் 54உம் ஒரே நீளத்தில் வரும். தடையின் அடியில் மரத்தூள் சேர்ந்தால் ஒவ்வொரு கட்டையும் சிறிது சிறிதாகக் குறைந்து போகும் என்பதால், ஐந்தாறு கட்டைகளுக்கு ஒரு முறை அதை ஊதிவிட வேண்டும்.

முனைகள் செங்கோணத்தில் இல்லை என்று சிலர் கவலைப்படுவதுண்டு. முனைகள் பாரம் தாங்குவதில்லை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் தெரியும் சிறு கோணல் அழகுக் குறைவே ஒழிய, கோபுரத்தை விழுத்தாது.

எந்தக் கட்டையும் நகர மறுக்கிறது

இதுதான் நான் அதிகம் பட்ட பிழை. அதுவும் வேலை திறமாக அமைந்ததால் வந்த பிழை.

முதற் தொகுதியை மொரட்டுவையில் ஒரு தச்சுப் பட்டறையில் இயந்திரத்தில் சீவுவித்தேன். கட்டைகளை ஒப்படைக்கும்போது, “எல்லாம் ஒரே தடிப்பு, அரை நூல்கூட வித்தியாசமில்லை” என்று பாஸ் பெருமையுடன் சொன்னார். சொன்னது உண்மை. வீட்டில் அடுக்கியபோது கோபுரம் ஒரே மரத்தில் குடைந்ததுபோல நின்றது, பார்க்க வந்த சித்தப்பா விரலால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது விளையாட்டுச் சாமானா, தூணா?” என்றார். கீழ் அடுக்குகளில் ஒரு கட்டையை உருவ முயன்றால், அதன் மேலுள்ள மூன்றும் அதனுடன் சேர்ந்து வந்தன.

காரணத்தை விளங்கிக்கொள்ள, ஓர் அடுக்கை மட்டும் எண்ணிப் பாருங்கள். மூன்று கட்டைகளும் சிறிதும் வேறுபடாத தடிப்பில் இருந்தால், மேலுள்ள பாரத்தை மூன்றும் பங்கிட்டுத் தாங்கும். மூன்றிலும் உராய்வு இருக்கும். அவற்றுள் ஒன்று மயிரிழையளவு மெல்லியதாக இருந்தால், பாரம் மற்ற இரண்டிலும் இறங்கி, மெல்லியது தளர்ந்து நிற்கும். விரலால் தட்டும்போது ‘டக்’ என்ற இறுகிய ஒலிக்குப் பதிலாகப் பொள்ளலான ஒலி எழுவது அந்தக் கட்டையில்தான். விளையாடுபவர் தேடுவதும் அதையே. எந்த அடுக்கில் எது தளர்ந்திருக்கிறது என்பது ஒவ்வொரு முறை அடுக்கும்போதும் மாறுவதாலும், ஒன்றை உருவியதும் பாரம் இடம் மாறி மற்றொன்று இறுகுவதாலும்தான் ஆட்டம் சுவைக்கிறது. அகலமும் நீளமும் கண்டிப்பாக ஒத்திருக்க வேண்டும்; தடிப்பில் மட்டும் வேண்டுமென்றே சிறு வித்தியாசம் வைக்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் செய்யத் தொடங்குமுன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

திருத்தும் முறை இது. 54 கட்டைகளையும் பதினெட்டுப் பதினெட்டாக மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். முதற் குவியலைத் தொடாதீர்கள். இரண்டாவதிலுள்ள கட்டைகளின் ஒரு முகத்திலிருந்து 0.2 மில்லிமீட்டரும், மூன்றாவதிலிருந்து 0.4 மில்லிமீட்டரும் தேய்த்து எடுங்கள். கண்ணாடி மேசைமேல் 80 இலக்கச் சாண்ட்பேப்பர் தாளொன்றை நாற்புறமும் டேப்பால் ஒட்டி, கட்டையை அதன்மேல் தட்டையாக வைத்து, இரு கைகளாலும் சமமாக அழுத்தி முன்னும் பின்னும் இழுப்பது கையில் தாளைப் பிடித்துத் தேய்ப்பதைவிட நல்லது. கையால் தேய்த்தால் ஓரங்கள் உருண்டு, நடுப்பகுதி மேடாகிவிடும். பத்து இழுப்புக்கு ஒரு முறை கட்டையை முனைமாற்றித் திருப்புங்கள்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் பழகிய வேணியர் இடுக்கிமானி வீட்டில் இல்லாதவர்கள் கடதாசியைக் கொண்டே அளக்கலாம். அலுவலகங்களில் பயன்படுத்தும் 80 கிராம் போட்டோப்பிரதித் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்பானது. தேய்க்காத கட்டை இரண்டை இடைவெளி விட்டுக் கண்ணாடிமேல் வைத்து, நடுவே தேய்த்த கட்டையை வையுங்கள். அவற்றின் மேலாக ஓர் உருக்கு அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து, நடுக்கட்டைக்கும் அடிமட்டத்துக்கும் இடையே தாளைச் செருகுங்கள். இரண்டு தாள் தடையின்றி நுழைந்து மூன்றாவது சிக்கினால் 0.2 சரி. முதல் நான்கைந்து கட்டைகளுக்குப் பிறகு கையே அளவைக் கற்றுக்கொள்ளும்.

தேய்த்தவற்றில் அடையாளம் இடாதீர்கள். பென்சிலால் எண் எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் மருமகள் ஒரு மாலைக்குள் குறிகளைக் கண்டுபிடித்து எல்லோரையும் தோற்கடித்தாள்.

தடிப்பு வேறுபாடு சரியாக இருந்தும் சிக்கினால், மேற்பரப்பைப் பாருங்கள். வாளின் பல் விட்ட கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டால் 120, பின்னர் 180 இலக்கத் தாளால் தேய்க்க வேண்டும். அதற்குப் பின்னரும் வேண்டுமானால் வெள்ளை மெழுகுதிரியை இலேசாகப் பூசித் துணியால் துடைத்துவிடலாம். கரம் விளையாடும் வீடுகளில் கரம் பவுடரைத் தூவிப் பார்ப்பார்கள். கட்டை வழுக்கும்தான், ஆனால் பவுடர் நிலத்தில் சிந்தி ஆட்களையும் வழுக்க வைக்கும். வழமையான கரம் பவுடர் போரிக் அமிலம் என்பதால், கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு கட்டையும் உருவுவதற்கு முன்னரே கோபுரம் சாய்கிறது

முதலில் நிலத்தைச் சந்தேகியுங்கள். பல்கனியும் மொட்டைமாடியும் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகவே கட்டப்படுகின்றன. நூற்றுக்கு ஒன்று என்ற மிகச் சிறிய சரிவிலும் 58 சென்ரிமீட்டர் கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விலகி நிற்கும். ஆட்டம் முற்றி உயரம் கூடும்போது அதுவும் கூடும். நீர்மட்டத்தை இரு திசைகளிலும் வைத்துப் பாருங்கள். தடிப்பான ஒட்டுப்பலகைத் துண்டொன்றை அடித்தளமாக வைத்து, தாழ்ந்த பக்கத்தின் கீழ் மடித்த அட்டையைச் செருகினால் போதும். கரம் பலகையைக் கவிழ்த்து அடித்தளமாக்க எண்ண வேண்டாம். கோபுரம் விழும் நாளில் சட்டம் பிளக்கும்.

நிலம் மட்டமாக இருந்தும் சாய்ந்தால், கட்டைகள் ஆப்புப்போல ஒரு முனையில் மெலிந்திருக்கலாம். கைச் சீவுளியால் சீவிய கட்டைகளில் இது வழக்கம். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்து, ஒரே திசையில் கிடக்கும் ஒன்பது அடுக்குகளிலும் மெலிந்த முனைகள் ஒரே பக்கத்தில் அமைந்துவிட்டால், நிலம் சரிந்ததற்குச் சமமான சாய்வு உருவாகும். மீண்டும் சீவத் தேவையில்லை. அடுக்கும்போது மெலிந்த முனைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்தால் சாய்வு தன்னாலே சமன்படும்.

சில கட்டைகள் தனியே ஆடுகின்றன

கண்ணாடி மேசைமேல் கட்டையை வைத்து எதிர்மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். ‘டொக் டொக்’ என்று ஆடினால் அது முறுகியிருக்கிறது. சிறு முறுகலை மேலே சொன்ன சாண்ட்பேப்பர் முறையால் எடுக்கலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடும் கட்டையைக் கழித்துவிட்டு, ஆறாவது சலாகையிலிருந்து ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றி நிமிர்த்தலாம் என்று ஈரத்துணி சுற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன்; இரண்டு நாட்களில் பழையபடி முறுகிக்கொண்டது.

மழைக்காலத்தில் ஒட்டுகிறது, அல்லது வார்னிஷ் பால்போல வெளுக்கிறது

இரண்டும் ஈரத்தால் வருவன என்றாலும் வெவ்வேறு பிழைகள்.

விரைவில் உலரும் லாக்கர் வகைகளைத் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரமான பிற்பகலில் பூசினால், கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் படிந்து, படலம் வெண்மையாக மங்கிவிடும். அதன்மேல் மேலும் பூசி மறைக்க முடியாது. வெயிலுள்ள, ஈரம் குறைந்த ஒரு முற்பகலில், அந்த லாக்கருக்குரிய தின்னரை மிக மெல்லியதாகத் தெளித்தாலோ தடவினாலோ படலம் இளகி, சிக்கிய நீர் வெளியேறி, மீண்டும் தெளியும். தெளியாவிட்டால் தேய்த்து எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டியதுதான். வேலையை எப்போது செய்வது என்று தெரிவு செய்ய முடிந்தவர்களுக்குக் கொழும்பில் சனவரியும் பெப்ரவரியும் உகந்தவை. ஒக்ரோபரும் நவம்பரும் எதற்கும் ஆகா.

ஒட்டுதல் வேறு. எண்ணெய் வார்னிஷ் தொட்டுப் பார்க்கும்போது உலர்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே இறுகுவதற்கு ஈரக்காற்றில் ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கும். நீரில் கலக்கும் அக்ரிலிக் வகைப் பெயின்ற் பூசிய இரு முகங்கள், முழுதாக உலர்ந்த பின்னரும், பாரத்தின் கீழ் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. சன்னலுக்குப் பெயின்ற் பூசி மூடிவைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். இத்தகைய தொகுதியைக் கோபுரமாக அடுக்கிவைத்துவிட்டு அடுத்த நாள் விளையாட வந்தால், கட்டையைப் பிரிக்கும்போது பெயின்றும் உரிந்து வரும். என் கருத்தில், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பெரிய முகங்களில் எதையும் பூசாமல் இருப்பதே சிறந்தது. நிறம் வேண்டுமென்றால் இரு சிறு முனைகளில் மட்டும் பூசுங்கள். கோபுரத்தின் பக்கங்களில் வெளியே தெரிவதில் பாதி அவைதான். ஏற்கெனவே பூசியவர்கள் பெரிய முகங்களைச் சாண்ட்பேப்பரால் மரம் தெரியும்வரை எடுத்துவிட்டு மெழுகு பூசலாம்.

பூச்சு எதுவும் இல்லாத கட்டைகளும் மழைக்காலத்தில் சிறிது வீங்கி இறுகுவதுண்டு. அறைக்குள் இரண்டு நாள், இடைவெளி விட்டுப் பரப்பி, மின்விசிறியின் கீழ் வைத்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வைப்பவர்கள் பையைத் திறக்கும்போது பூஞ்சணத்தைக் காண்பார்கள். சணல் சாக்கு போதும்.

கட்டையில் ஊசித்துளைகளும், கீழே மாவுபோன்ற தூளும்

இறப்பர் மரத்தில் செய்தவர்களுக்கு இது வரும். மாப்பொருள் மிகுந்த அந்த மரத்தை உளுவண்டு விரும்பித் தின்னும். அதனாலேயே தளபாடத் தொழிற்சாலைகள் அதைப் போரன் உப்புக் கரைசலில் பதப்படுத்திய பின்னரே பயன்படுத்துகின்றன. பதப்படுத்தாத மரத்தை மலிவென்று வாங்கினால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுத் துளைகளும், தொட்டால் கோதுமை மாவுபோல் மென்மையான தூளும் சில மாதங்களில் தோன்றும்.

துளைகளைத் துடைத்து, கட்டையைக் கறுப்புத் தாள்மேல் ஒரு வாரம் வையுங்கள். புதிய தூள் விழாவிட்டால் வண்டு பெரும்பாலும் வெளியேறியிருக்கும், கட்டையைப் பயன்படுத்தலாம். விழுந்தால், பொலித்தீன் பையில் காற்றை அகற்றிக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் மேற்பெட்டியில் −18 பாகையில் இரண்டு வாரம் வைப்பது உள்ளிருக்கும் புழுக்களைக் கொல்லும். ஐந்தாறு கட்டைகளுக்கு இது சரிவரும். பாதித் தொகுதி உளுத்திருந்தால் வீட்டிலுள்ள மற்றத் தளபாடங்களை எண்ணி, அதை அன்றே அகற்றிவிடுவது நல்லது.

கோபுரம் ஐந்து நிமிடத்தில் விழுந்துவிடுகிறது

மெழுகு கூடிவிட்டது, அல்லது தடிப்பு வேறுபாடு ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டது. மெழுகைச் சூடான ஈரத்துணியால் துடைத்து 180 இலக்கத் தாளால் இரண்டு இழுப்பு இழுங்கள். மிக மெல்லிய கட்டைகளை ஒரே அடுக்கில் சேராமல் கலந்துவிட்டால் பெரும்பாலும் போதும். அதற்கும் அடங்காதவற்றை மாற்ற வேண்டும்.

விழும்போது தரை உடைகிறது, கீழ்வீட்டார் மணி அடிக்கிறார்கள்

ஒரு கட்டை 280 கிராம் அளவில் இருக்கும். அரை மீற்றர் உயரத்திலிருந்து அதன் மூலை விரலில் விழுந்தால் நகம் கறுக்கும். பழைய மாபிள் தட்டில் விழுந்தால் சில்லு பெயரும். பிள்ளைகள் விளையாடும் மென்நுரைப் பாய்களைக் கோபுரத்தைச் சுற்றி ஒரு மீற்றர் வரை விரியுங்கள். ஆனால் கோபுரத்தின் கீழே அவற்றை வைக்க வேண்டாம், ஏனெனில் ஒருவர் அருகில் கால் வைத்தாலே கோபுரம் அசையும். கட்டைகளின் எல்லா விளிம்புகளையும் சாண்ட்பேப்பரால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழுக்கிவிட்டால் தரையும் தப்பும், மரச்சிலாம்பும் கையில் ஏறாது. விளையாடுபவர்கள் செருப்போ சப்பாத்தோ போட்டிருக்க வேண்டும் என்பதை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எங்கள் தொடர்மாடியில் கோபுரத்தைத் தானாக விழ விடுவதில்லை. மிகவும் ஆடத் தொடங்கியதும் கடைசியாகத் தொட்டவர் தோற்றதாகக் கொண்டு, மேலிருந்து கையாலேயே இறக்கி அடுக்கிவிடுவோம்.